ஸ்டேஞ்சரா, குவாடுகுசாவா? நார்த் ஆர்க்காடா, திருவண்ணாமலையா? வம்சாவளியில் ஊர்ப்பெயர் எழுதும் விதம்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியலில் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் ஊர் 'நார்த் ஆர்க்காட், வாண்டிவாஷ், புதூர்' என்று இருக்கிறது. அவர் காலமான பிறகு வீட்டார் அரசாங்கத்துக்குக் கொடுத்த மரண அறிவிப்புப் படிவத்தில் பிறந்த இடம் 'மெட்ராஸ்'. உங்கள் பெரிய அத்தையோ 'நமக்கு வேலூர் பக்கம்' என்கிறார். தாத்தா பிறந்தது ஒரு தாளில் கியர்ஸ்னி எஸ்டேட், இன்னொரு தாளில் ஸ்டேஞ்சர். இன்றைய வரைபடத்தில் ஸ்டேஞ்சரைக் காணோம், குவாடுகுசாதான் இருக்கிறது. இதில் எதை எழுதுவது, எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதுவது எப்படி என்பது கேள்வி.

அத்தனையையும் எழுதுங்கள். ஆனால் ஒரே கட்டத்தில் போடாதீர்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒன்று, அது எந்த ஊர் என்று நீங்கள் முடிவு செய்தது வேறொன்று. முதலாவது சாட்சியின் வாக்குமூலம். எழுத்துப்பிழை இருந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. இரண்டாவது உங்கள் தீர்ப்பு. அது இன்றைக்கு ஒன்றாக இருக்கும், இன்னொரு தாள் கிடைத்தால் நாளைக்கு மாறும். 'ஒரே மாதிரி எழுதுவது' என்ற விதி இந்த இரண்டாவதற்கு மட்டும்தான். நம் ஆட்கள் பலரும் ஒழுங்காக எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு முதலாவதைத் திருத்திவிடுகிறார்கள். நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான்.

என் மனைவி வழியில் ஒரு தாத்தா. கப்பல் பட்டியலில் அவருக்கு ஜில்லா 'சேலம்', அடுத்த கட்டத்தில் 'திரிபத்தூர்'. திருப்பத்தூர் என்று புரிந்துவிட்டது. வரைபடத்தை விரித்தேன். வேலூர் மாவட்டத்தில் ஒரு திருப்பத்தூர் இருந்தது, சிவகங்கை மாவட்டத்தில் ஒன்று இருந்தது. சேலத்தில் இல்லவே இல்லை. குமாஸ்தா ஏதோ உளறியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். வீட்டில் ஒரு பாட்டி 'செட்டிநாட்டுப் பக்கம்' என்று எப்போதோ சொன்ன ஞாபகம் வேறு. கணினியில் 'சேலம்' என்பதை அழித்துவிட்டு 'திருப்பத்தூர், சிவகங்கை' என்று போட்டேன். மச்சான் குடும்பத்தோடு டிக்கெட் போட்டு மதுரையில் இறங்கி, கார் வைத்துக்கொண்டு மூன்று நாள் அந்த ஊரில் வீடு வீடாக விசாரித்தார். காபி கொடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், ஆனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பல மாதம் கழித்து, வேறு எதையோ தேடும்போதுதான் கண்ணில் பட்டது: வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் 1911 வரைக்கும் சேலம் ஜில்லாவின் தாலுகா. அந்த ஆண்டுதான் வட ஆர்க்காட்டோடு சேர்த்தார்கள். ஆக, குமாஸ்தா எழுதியது சரி, உளறியது நான். அதைவிட மோசம், என் கோப்பில் 'சேலம்' என்ற சொல்லே இல்லாமல் போய்விட்டது. சந்தேகம் வந்த பிறகு மறுபடி ஆவணக் காப்பகத்துக்குப் போய் அந்த வரியைக் கண்ணால் பார்த்தபின்தான் நிச்சயமானது. அந்த ஒரு சொல்லை விட்டுவைத்திருந்தால், விவரம் தெரிந்த எவரும் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். மச்சான் இன்னும் இதைச் சொல்லிக் காட்டுகிறார்.

சரி, கப்பல் பட்டியலுக்கு வருவோம். நம் ஊரில் வம்சாவளி தேடுகிறவர்களுக்கு இதைப் போல ஒரு சொத்து வேறு இல்லை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பல் மெட்ராசிலிருந்து 342 பேரோடு டர்பன் துறையில் வந்து நின்றதிலிருந்து, 1911-இல் ஒப்பந்தம் நிற்கும் வரை வந்த 1,52,184 பேரும் எண் போட்டுப் பதியப்பட்டவர்கள். ஒரு வரியை இடமிருந்து வலமாகப் படித்தால் காலனி நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, அப்புறம் ஜில்லா, தாணா (போலீஸ் நிலையச் சரகம்), கிராமம், கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம். 'இடது புருவத்தில் தழும்பு', 'மார்பில் மச்சம்' என்று அந்தக் கடைசிக் கட்டத்தைப் படிக்கும்போது எனக்கு இப்போதும் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். ஆனால் நமக்கு இப்போது வேண்டியது அதற்கு முந்திய மூன்று கட்டங்கள்.

'தாணா' என்று அச்சடித்திருந்தாலும் நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த இடத்தில் பெரும்பாலும் தாலுகா பெயர்தான் இருக்கும். மூன்றையும் அப்படியே, எழுத்து எழுத்தாக, ஆங்கிலத்தில் என்ன இருக்கிறதோ அதையே படியெடுங்கள். 'வாண்டிவாஷ்' என்றிருந்தால் வாண்டிவாஷ்தான். படிக்க முடியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள், ஊகத்தைப் போடாதீர்கள். இது வாக்குமூலம்.

அடுத்தது தீர்ப்பு. வாண்டிவாஷ் என்பது வந்தவாசி. இதில் சிக்கல் இல்லை, வரலாற்றுப் புத்தகத்தில் வாண்டிவாஷ் போர் என்று படித்திருப்பீர்கள். வந்தவாசி அன்று வட ஆர்க்காடு ஜில்லா. 1989-இல் வட ஆர்க்காட்டை இரண்டாகப் பிரித்தபோது வந்தவாசி திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போனது. அப்படியென்றால் அத்தை சொன்ன 'வேலூர் பக்கம்' பொய்யா? இல்லை. பிரியாத வட ஆர்க்காட்டுக்கு 1911-க்குப் பிறகு வேலூர்தான் தலைநகரம். அங்கிருந்து கடிதமோ ஆளோ வந்த காலத்தில் யாரோ 'வேலூர் ஜில்லா' என்று பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார்கள், அது வீட்டில் நின்றுவிட்டது. மூன்று சாட்சியும் ஒத்துத்தான் போகின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். நேட்டாலுக்கு ஆள் வந்தது 1911-இல் நின்றது. மெட்ராஸ் மாகாண ஜில்லாக்களின் எல்லைகள் பெரிய அளவில் அசைய ஆரம்பித்ததும் ஏறக்குறைய அதே சமயம். ஆகவே நம் கப்பல் பட்டியல் ஏறக்குறைய முழுவதும் பழைய வரைபடத்தில் எழுதியது. இன்றைய மாவட்டத்தை வைத்துக்கொண்டு அதைப் படித்தால் எனக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும்.

வட ஆர்க்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைநகரம் அப்போது சித்தூர். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகி, பிற்பாடு ஆந்திராவோடு போனது. 'நார்த் ஆர்க்காட், சித்தூர்' என்று பட்டியலில் கண்டதும் ஏதோ பிழை என்று நினைக்கக் கூடாது. நாயுடு, ரெட்டி என்று பெயர் கொண்ட எத்தனையோ குடும்பங்களின் வேர் அந்தப் பக்கம். திருத்தணியின் கதை இன்னும் வேடிக்கை: வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூருக்குப் போய், 1960-இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, செங்கல்பட்டில் சேர்ந்து, இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

தென் ஆர்க்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் ஆனது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. அதே 2019-இல் வேலூர் மூன்றாக உடைந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. நான் வம்சாவளி எழுதத் தொடங்கிய காலத்தில் அந்தத் திருப்பத்தூர் வேலூர் மாவட்டத்து ஊர், இப்போது அதுவே ஒரு மாவட்டம். பழைய சேலம் தர்மபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி என்று கிளை விட்டது. திருச்சியும் மதுரையும் கோவையும் இப்படியே.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. வள்ளியம்மை 1898-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், 1914-இல் அங்கேயே உயிர்விட்டவர். ஆனாலும் உலகத்துக்கு அவர் தில்லையாடி வள்ளியம்மைதான். பூர்வீக ஊரே பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் தில்லையாடி அவர் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லா. 1991-க்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டம். 2020-இலிருந்து மயிலாடுதுறை மாவட்டம். ஒரு பேரன் 1985-இலும் இன்னொருவர் 2000-இலும் மூன்றாமவர் இன்றும் 'இன்றைய மாவட்டம்' என்று எழுதினால் ஒரே ஊர் மூன்று ஊராகத் தெரியும். அதனால்தான் நான் 'இன்றைய பெயர் மட்டும் போதும்' என்பவர்களோடு ஒத்துப்போவதில்லை. இன்றைய மாவட்டமும் நிரந்தரமில்லை. கப்பல் ஏறிய நாளில் என்ன இருந்ததோ அதுதான் இனி மாறாது.

ஆகவே விதி இது: நிகழ்ச்சி நடந்த காலத்தில் அந்த ஊர் எந்த ஆட்சிப் பிரிவில் இருந்ததோ அதைக் கட்டத்தில் எழுதுங்கள். இன்றைய மாவட்டத்தை அந்த ஊரின் குறிப்பில் எழுதுங்கள். சிறியதிலிருந்து பெரியதுக்கு, காற்புள்ளி போட்டு: கிராமம், தாலுகா, ஜில்லா, மாகாணம். நான்கு படி. ஒரு படி தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, காற்புள்ளியை மட்டும் வையுங்கள். 'வந்தவாசி, வட ஆர்க்காடு' என்று மட்டும் எழுதினால் வந்தவாசி கிராமமா தாலுகாவா என்று கணினிக்கும் தெரியாது, பத்து வருஷம் கழித்து உங்களுக்கும் தெரியாது. முன்னால் ஒரு காற்புள்ளி இருந்தால், கிராமம் தெரியவில்லை, இது தாலுகா என்று புரியும். வம்சாவளிக் கோப்புகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் பயன்படும் கெட்காம் வடிவமும் இந்த வரிசையைத்தான் எதிர்பார்க்கிறது.

'மெட்ராஸ்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் தாள்களில் இந்த ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. பட்டணம் ஒன்று. மாகாணம் ஒன்று, அது ஒரிசா எல்லையிலிருந்து திருநெல்வேலி வரை. மூன்றாவது, கப்பல் ஏறிய துறை. மரண அறிவிப்புப் படிவத்தில் 'பிறந்த இடம்' என்று ஒரு கேள்வி வரும். பதில் சொல்வது மகனோ மருமகளோ. அவர்கள் இங்கே பிறந்தவர்கள், தகப்பனார் 'மெட்ராசிலிருந்து வந்தேன்' என்று சொல்லக் கேட்டவர்கள். அதையே சொல்லியிருப்பார்கள். சிலர் 'இந்தியா' என்று முடித்துக்கொள்வார்கள். ஆகவே மெட்ராஸ் என்று மட்டும் இருந்தால் பட்டணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாக்குமூலத்தில் 'மெட்ராஸ்', தீர்ப்பில் 'மெட்ராஸ் மாகாணம்' என்று மட்டும். ராயபுரம், சைதாப்பேட்டை என்று தெருவோ பேட்டையோ சேர்ந்து வந்தால் மட்டும் பட்டணம். சென்னை நகரத்தின் மேல் ஊசி குத்திய வரைபடங்களைப் பார்க்கிறேன். பாதிக் குடும்பத்துக்கு அந்தப் பட்டணத்தோடு இருந்த உறவெல்லாம் கப்பலுக்குக் காத்திருந்த டெப்போவில் கழித்த நாட்கள் மட்டும்தான்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் புரியாவிட்டால் வாய்விட்டுப் படியுங்கள். எழுதியவன் காதால் கேட்டுத்தான் எழுதினான், நாமும் காதால்தான் பிடிக்க வேண்டும். 'சிங்கிள்புட்' என்று இரண்டு தடவை வேகமாகச் சொன்னால் செங்கல்பட்டு வந்துவிடும். 'கஞ்சிவரம்' காஞ்சிபுரம். 'டிரி' என்று தொடங்கினால் 'திரு' என்று வைத்துப் பாருங்கள். 'வா' வரவேண்டிய இடத்தில் டபிள்யூ (W) எழுத்து வரும். 'ழ' வந்தால் எல்லாம் போச்சு, அது 'ல' ஆகும், 'ர' ஆகும், சில சமயம் காணாமலே போகும். என் ஆயாவுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் நான் பட்டியலைச் சத்தமாகப் படித்தால், மூன்று மாதம் நான் மண்டையை உடைத்துக்கொண்ட பெயரை அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவார்.

தீர்ப்புக் கட்டத்தில் எந்த எழுத்துக்கூட்டல் என்று கேட்பீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். நான் 2011 இந்தியக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலில் உள்ளபடி எழுதுகிறேன். அது தாலுகா வாரியாக எல்லாக் கிராமத்தையும் தருகிறது, எவரும் சரிபார்க்கலாம். அரசாங்கம் மாற்றும்போதெல்லாம் நாமும் மாற்றிக்கொண்டிருந்தால் முடியாது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த வாரத்தில் உட்கார்ந்து கோப்பு முழுக்கத் திருத்திய ஓர் ஆளை எனக்குத் தெரியும். பாவம்.

கூடவே தமிழில் ஒருமுறை எழுதி வையுங்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது, அதனால் முதன்மைப் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊர் எது என்று உறுதியான பிறகு தமிழ் எழுத்துதான் அதைப் பூட்டி வைக்கும். ஆங்கிலத்தில் 'கிலூர்' என்று எழுதினால் கீழூரா கிளூரா என்று தெரியாது. தமிழில் எழுதிவிட்டால் சந்தேகமே இல்லை.

இனி கடலுக்கு இந்தப் பக்கம் வருவோம். கியர்ஸ்னியா ஸ்டேஞ்சரா என்பது முரண்பாடே அல்ல. கியர்ஸ்னி ஹியூலட் குடும்பத்தின் தேயிலைத் தோட்டம், ஸ்டேஞ்சரிலிருந்து உள்நாட்டுப் பக்கம் தள்ளி இருப்பது. பிள்ளை பிறந்தது தோட்டத்து பாராக்ஸில், பதிந்தது ஸ்டேஞ்சரில். ஒரு தாள் பிறந்த இடத்தைச் சொல்கிறது, இன்னொன்று பதிந்த இடத்தைச் சொல்கிறது. நேட்டாலில் இதை எப்போதும் பிரித்துப் பாருங்கள். ஒப்பந்தக் காலத்தில் நம் ஆட்களின் முகவரி ஊர் அல்ல, எஸ்டேட். மவுண்ட் எட்ஜ்கோம், எஸ்பரான்சா, இல்லோவோ என்று எஸ்டேட் பெயர்தான் கிராமத்தின் இடத்தில் நிற்க வேண்டும். அதன் பிறகு மாஜிஸ்திரேட் டிவிஷன் அல்லது கவுண்டி: வெருலம் பக்கம் என்றால் விக்டோரியா கவுண்டி, உம்சிண்டோ பக்கம் என்றால் அலெக்சாண்ட்ரா கவுண்டி. அதற்கும் மேலே நேட்டால். 1910 மே 31 வரை நேட்டால் காலனி, அதன் பிறகு நேட்டால் மாகாணம், 1994 முதல் குவாசூலு-நேட்டால். யூனியன், குடியரசு என்று அதற்கும் மேல் ஒரு படியைப் பிரித்து எழுதுகிறவர்கள் உண்டு. நான் 'தென்னாப்பிரிக்கா' என்று எழுதி நிறுத்திக்கொள்கிறேன், அதனால் எந்தத் தேடலும் கெட்டதில்லை.

பெயர் மாற்றத்துக்கும் அதே விதிதான். தாத்தா பிறந்தபோது அது ஸ்டேஞ்சர் என்றால் ஸ்டேஞ்சர். 2006-க்குப் பிறகு குவாடுகுசா. ஆனால் மென்பொருளில் இரண்டு ஊராகப் போடாதீர்கள். ஆள் ஒருவர்தான், சட்டை இரண்டு. கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓர் ஊருக்குப் பல பெயர்கள் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் காலத்தையும் குறிக்கலாம். எந்த மாவட்டத்துக்குள் எந்த ஆண்டு வரை இருந்தது என்பதையும் தேதியோடு போடலாம். நம் திருத்தணி, திருப்பத்தூர் விவகாரத்துக்கெல்லாம் அதைப் போல வசதி வேறு இல்லை. ஃபேமிலி சர்ச்சில் நீங்கள் தட்டச்சு செய்ததையும் அது தரப்படுத்திய இடத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம், அதுவும் நல்லது. உங்கள் மென்பொருளில் இதெல்லாம் இல்லையா? ஒரு சாதாரண அட்டவணைத் தாள் போதும். ஊருக்கு ஒரு வரி, பழைய பெயர், புதுப் பெயர், தமிழ்ப் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை.

ஜூலுப் பெயர்களின் முன்னொட்டையும் கவனியுங்கள். பழைய தாளில் டோங்காட், இன்றைய பலகையில் ஓதோங்கதி. ஆங்கிலத்தில் உம்சிண்டோவின் முதலெழுத்து இப்போது சிறிய எழுத்து (uMzinto). அகரவரிசையில் தேடினால் ஒரே ஊர் மூன்று இடத்தில் கிடக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து மென்பொருள் தானாக முன்வந்து செய்யும் உதவி. முதல் நான்கு எழுத்து அடித்தவுடன் கீழே ஒரு பட்டியல் நீட்டும், நாமும் முதலில் உள்ளதைத் தட்டிவிடுவோம். நேட்டாலின் ஊர்ப்பெயர்களில் பல இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்தவை. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த ஒருவரை, அவருடைய பேத்தி நியூகாசில் என்று அடித்து, இங்கிலாந்தின் வடக்கே கொண்டுபோய் இறக்கிவிட்டாள். அவர் தம்பி டண்டீயில் இருந்தார், அவர் ஸ்காட்லாந்துக்குப் போனார். டர்பனில் நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வொர்த், இங்கிலாந்தில் பெரிய பிரபுவின் மாளிகை. ஃபீனிக்ஸ் அமெரிக்காவில் ஒன்று, மொரிஷியசில் ஒன்று, நம்மிடம் காந்தி 1904-இல் ஆசிரமம் அமைத்த இடம் ஒன்று. அந்த ஆசிரமப் பகுதியும் 1976-இல் குடியேற்றம் தொடங்கிய ஃபீனிக்ஸ் நகரியமும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட நல்லது ரீயூனியன். ஒருவர் என்னிடம் வந்து, எங்கள் பாட்டி பிரெஞ்சுத் தீவில் பிறந்தவர் சார், ஞானஸ்நானத் தாளிலேயே இருக்கிறது என்றார். பெருமையாகத்தான் சொன்னார். வாங்கிப் பார்த்தேன். இசிப்பிங்கோ பக்கத்தில் ரீயூனியன் என்றொரு கரும்பு எஸ்டேட் இருந்தது. டர்பனின் பழைய விமான நிலையம்கூட அந்தப் பக்கம்தான். பாட்டி பிறந்தது டர்பனிலிருந்து கூப்பிடு தூரத்தில். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே விட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

அப்புறம், வரைபடத்தில் இல்லாத ஊர்கள். மகசீன் பாராக்ஸ் என்ற பெயரைக் கேட்காத டர்பன் தமிழ்க் குடும்பம் குறைவு. நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பு, சோம்ட்சூ ரோட்டை ஒட்டி. தெலுங்கும் தமிழும் பேசிய ஆயிரக்கணக்கான பேர் அங்கே பிறந்து வளர்ந்தார்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிகள் சட்டம் வந்தபிறகு எல்லோரையும் அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கிப்போட்டார்கள். டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் அப்படித்தான். இன்று மென்பொருளில் 'மகசீன் பாராக்ஸ்' என்று அடித்தால் 'இடம் கிடைக்கவில்லை' என்று வரும். உடனே பேரப்பிள்ளைகள் 'டர்பன்' என்று சுருக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து சுருக்காதீர்கள். 'மகசீன் பாராக்ஸ், டர்பன், நேட்டால்' என்று முழுசாக எழுதி, அட்சரேகை தீர்க்கரேகையைக் கையால் போடுங்கள். அண்ணன் 1957-இல் மகசீன் பாராக்ஸிலும் தம்பி 1966-இல் சாட்ஸ்வொர்த்திலும் பிறந்ததாக எழுதினால் அந்த வீட்டின் கதை தானாகத் தெரியும். இரண்டு பேருக்கும் 'டர்பன்' என்று எழுதினால் அந்தக் குடும்பம் எங்கேயும் போகவே இல்லை என்று ஆகிவிடும்.

ஆஸ்பத்திரி பெயரை ஊராக எழுதுவதையும் பார்க்கிறேன். கிங் எட்வர்ட், ஆர்.கே. கான் எல்லாம் குறிப்பில் வரட்டும், முதல் படியாக வேண்டுமானாலும் வரட்டும், ஊரின் இடத்தைப் பிடிக்கக் கூடாது. கொஞ்ச நாள் டிரான்ஸ்வாலில் இருந்த உறவினர் இருந்தால் அங்கும் மேலே சொன்ன விதிதான், 1994 வரை டிரான்ஸ்வால் என்று எழுதுங்கள், கௌடெங் என்று பின்னோக்கித் திருத்த வேண்டாம்.

உங்கள் கோப்பை நான் நிரப்பினால் இப்படி இருக்கும். கொள்ளுத்தாத்தா பிறந்த இடம்: புதூர், வந்தவாசி தாலுகா, வட ஆர்க்காடு ஜில்லா, மெட்ராஸ் மாகாணம். ஆதாரக் குறிப்பு மூன்று: கப்பல் பட்டியலின் மூன்று சொல் எழுத்து மாறாமல், காலனி நம்பரோடு, மரண அறிவிப்பின் 'மெட்ராஸ்', சொன்னவர் யார் என்பதோடு, அத்தையின் 'வேலூர் பக்கம்', அவர் சொன்ன தேதியோடு. ஊர்க் குறிப்பில் 'இன்று திருவண்ணாமலை மாவட்டம்'. தாத்தா பிறந்த இடம்: கியர்ஸ்னி எஸ்டேட், ஸ்டேஞ்சர், நேட்டால், தென்னாப்பிரிக்கா. பதிவு தனி நிகழ்ச்சியாக: ஸ்டேஞ்சர். குவாடுகுசா என்பது ஸ்டேஞ்சர் என்ற இடத்தின் மறுபெயராக, 2006 முதல்.

ஆனால் அந்தப் புதூருக்கு மட்டும் இப்போதைக்கு அட்சரேகை போடாதீர்கள். புதூர் இல்லாத தாலுகா தமிழ்நாட்டில் கிடையாது. பல தாலுகாவில் இரண்டு மூன்று இருக்கும், மேல்புதூர், கீழ்ப்புதூர் என்று முன்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டும் இருக்கும். குமாஸ்தா முன்பாதியை விட்டிருக்கலாம். முதலில் கணக்கெடுப்புப் பட்டியலில் வந்தவாசி தாலுகாவின் எல்லாப் புதூரையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தாவுக்கு முன்னும் பின்னும் உள்ள பத்துப் பத்து வரிகளைப் பாருங்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்தே டெப்போவுக்கு வந்து, சேர்ந்தே நம்பர் வாங்கியிருப்பது அடிக்கடி நடப்பது. அவர்களில் நாலு பேருக்கு வந்தவாசி தாலுகா இருந்து, அவர்களுடைய கிராமம் அடையாளம் தெரிந்தால், அதற்கு நடை தூரத்தில் இருக்கும் புதூர்தான் நம் புதூராக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த இருபது வரிகளையும் தெளிவாகப் படம் பிடித்து அனுப்புங்கள், சேர்ந்து வாய்விட்டுப் படித்துப் பார்ப்போம்.